மயில் சங்கு

காலை வெயில் கம்பிக் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்திருந்தது. உங்கள் பெண்ணாடத்து அத்தை, என் அக்கா, சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி, அவற்றின் மேல் குழந்தையைக் கிடத்தி, வெள்ளிச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓர் இருமல். பூனை தும்முவது போலச் சின்னதாக. அதற்குப் பிறகு இன்னொன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"டேய் தம்பி, இங்க வாடா" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு கீழே இறங்கி நான் கேட்டதே இல்லை.

குழந்தையின் வாயோரம் வழிந்த பால் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாவற்பழம் தின்றது போல உதட்டைச் சுற்றி ஒரு நிறம். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. அக்கா அவளைக் குப்புறத் திருப்பிக் கையில் ஏந்தி முதுகில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். மூக்கு வழியாகப் பால் வந்தது. அப்புறம்தான் அழுகை.

யாழினி, அது நீதான். அன்றைக்கு உனக்குப் பேர்கூட வைக்கவில்லை. சுண்டுவிரல் அளவு இருக்கிறாள் என்று அத்தை உன்னைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவாள். கதிர், நீ அப்போது சின்ன வகுப்பு, ஸ்கூலுக்குப் போய்விட்டிருந்தாய். அதனால் உங்கள் இரண்டு பேருக்குமே இது தெரியாது. இத்தனை வாரமாக உங்களுக்கு என் கதையையே எழுதிவந்தேன். இந்த வாரம் ஒரு பாத்திரத்தின் கதை.

எட்டாம் மாதம்

யாழினி, நீ எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாய். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வராததால் மூக்கில் ஒரு குழாய் விட்டு, அதன் வழியாக வயிற்றுக்குப் பால் இறக்கினார்கள். கொஞ்சம் தேறியதும் குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் புகட்டினார்கள். பாலின் மேல் படிகிற ஆடையைச் சொல்லவில்லை. சின்னக் கிண்ணத்துக்கு ஒரு பக்கம் நீளமாக மூக்கு வைத்த பாத்திரம், அதற்கும் அதே பேர்தான். எங்கள் வீட்டில் சங்கு என்போம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். "எடை ஏறணும். புரை ஏறக் கூடாது. பால் நுரையீரலுக்குள்ள போச்சுன்னா இந்த ஒடம்பு தாங்காது."

உன்னைத் தூக்கியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "பச்ச மண்ணு, பாத்துத் தூக்குங்க." ஊரெல்லாம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் அச்சு செய்கிறவன் காதில் அது வேறு மாதிரி விழும். அச்சிலிருந்து எடுத்து, இன்னும் சூளைக்குப் போகாத சாமானைத்தான் நாங்கள் பச்சை மண் என்போம். அதை விரலால் அழுத்திவிட்டால் ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்துவிடலாம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சூளையில் வெந்து வெளியே வரும்போது அந்த இடம் கோணிக்கொண்டு நிற்கும்.

அதனால் உன்னைத் தூக்கவே எனக்குப் பயம். இன்றைக்கு என் விரல் படுகிற இடம், இவள் வளர்ந்து நடக்கும்போது எங்கே கோணலாகத் தெரியுமோ என்று. உங்கள் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. கை அழுக்கு, இப்போதுதான் பட்டறையிலிருந்து வந்தேன் என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

தாய்மாமன் சீர்

உங்கள் அம்மாவின் அண்ணன், வேப்பூர் மாமா, நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டல் வைத்திருப்பவர். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே தாய்மாமன் சீர் என்று தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்து, நடுவில் ஒரு வெள்ளிச் சங்கும் கொண்டுவந்தார்.

சாதாரணச் சங்கு இல்லை. மயில். கிண்ணம்தான் மயிலின் உடம்பு. கையால் பிடித்துக்கொள்ளப் பின்னால் தோகை. முன்னால் வளைந்த கழுத்து, உச்சியில் கொண்டை, கண்ணுக்குச் சிவப்புக் கல். பால் கழுத்துக்குள் புகுந்து அலகு வழியாக வரும்.

தெருவே வந்து பார்த்தது. நானும் வாங்கிப் பார்த்தேன். தோகை வேலைப்பாடு எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்று வியந்தேன். இதிலிருந்து பால் எப்படி வரும் என்று யோசிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் உனக்கு அடிக்கடி புரையேறியது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் அல்லவா? நீ இருமும்போதெல்லாம் அத்தை உச்சியில் தட்டிவிட்டு, "வேப்பூர்ல மாமன் நெனைக்கிறான் பாரு" என்பாள். நாங்கள் சிரிப்போம். ஒருநாள் நானே மச்சானுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் கம்மியா நெனைங்க மச்சான், உங்க மருமவ பால் குடிக்கணும்" என்றேன். அவரும் சிரித்தார்.

உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "புள்ளைக்குக் குடிக்கத் தெரியலீங்க" என்பாள்.

அதே பால், அதே பிள்ளை

அந்தக் காலைக்கு வருகிறேன். ஆட்டோவில் அக்கா மடியில் நீ. பக்கத்தில் அம்மா, ஒவ்வொரு பள்ளத்திலும் வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பி உன் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பாலக்கரையில் ஒரு கரும்பு டிராக்டர் குறுக்கே நின்றது. அது நகர்கிற வரைக்கும் எனக்கு மூச்சு இருந்ததா என்று நினைவில்லை.

டாக்டரம்மா உன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முன்னும் பின்னும் கேட்டார். "இப்போதைக்கு நெஞ்சு சுத்தமா இருக்குது. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். மறுபடியும் இப்படி ஆச்சுன்னா திரும்பவும் குழாய்தான். இங்க வெச்சுக்க முடியாது, புதுச்சேரிக்கு அனுப்பிடுவேன்."

அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "குடிக்கக்கூடத் தெம்பில்லாத புள்ளையப் பெத்துட்டேங்க" என்றாள். அக்கா, "என் கைதான் ராசியில்லாத கை" என்று அழுதாள். ஆளுக்கு ஒரு பழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டோம்.

மதியம் ஸ்டெல்லா சிஸ்டர் உனக்குப் பால் கொடுத்தார். நீ குழாயில் இருந்த நாளிலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். உன்னை மடியில் அரைவாசி உட்கார்த்தி, கழுத்தைக் கையால் தாங்கி, வார்டு எவர்சில்வர் பாலாடையின் மூக்கை உன் உதட்டோரம் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நீ நாக்கை நீட்டி நக்கினாய், விழுங்கினாய், மூச்சு விட்டாய், மறுபடியும் நாக்கை நீட்டினாய். ஒரு செருமல்கூட இல்லை.

அதே பால். அதே பிள்ளை.

"சிஸ்டர், காலையில வூட்டுல குடுத்தப்ப மட்டும் ஏன் அப்படி ஆச்சு?"

"எதுல குடுத்தீங்க?"

"வெள்ளிச் சங்குல. இவங்க அண்ணன் வாங்கியாந்தது."

"படுக்க வெச்சா?"

அக்கா முந்திக்கொண்டாள். "எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாம் கால்ல படுத்துதாம்மா குடிச்சுதுங்க."

"அதுங்க எல்லாம் நிறை மாசம் இருந்துட்டு வந்ததுங்கக்கா. இது அவசரமா வந்த புள்ள. ஒரு வாய் குடிச்சா ஒரு மூச்சு விடணும் இதுக்கு. நாம அதுக்குக் காத்திருக்கணும். நாம காத்திருந்தா மட்டும் போதாது, சங்கும் காத்திருக்கணும்."

சங்கும் காத்திருக்க வேண்டும். அவர் போகிற போக்கில் சொன்னதுதான்.

"நாளைக்குக் காலையில வூட்டுல எதுல குடுப்பீங்களோ அத எடுத்துகிட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி குடுத்துக் காட்டுங்க. புரை ஏறலன்னா டாக்டரம்மாகிட்ட நானே சொல்லி அனுப்பி வைக்கிறேன். அம்மாவுக்குத் தையல் ஆறல, அதனால அப்பா, நீங்கதான் குடுக்கணும்."

"நானா?"

"ஏன், உங்க புள்ளதானே?"

வார்டுப் பாலாடையைக் கேட்டுப் பார்த்தேன். "இங்க இன்னும் எத்தினி புள்ளைங்க இதுலதான் குடிக்குதுங்க தெரியுமா? தர முடியாதுங்க" என்றார். ஆனால் கழுவும் தொட்டிப் பக்கம் போய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன். மூக்கு மேலே திறந்திருந்தது, வாய்க்கால் போல. தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் வந்தது. நிமிர்த்தினால் அத்தனையும் கிண்ணத்துக்குத் திரும்பிப் போனது. நுனியில் ஒரு சொட்டுகூடத் தொங்கவில்லை.

மக்கும் பீஸ் கட்டையும்

இதைப் பார்த்ததும் எனக்குப் பட்டறையில் மண் மொண்டு ஊற்றுகிற மக்கு ஞாபகம் வந்தது. சொல்லாமல் போனால் உங்களுக்குப் புரியாது.

நாங்கள் மண்ணைத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து அச்சின் வாயில் ஊற்றுவோம். அந்த வாய் சின்னது. ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் விடக் கூடாது. நிரம்பியதும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பட்டறையில் மக்குகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாமே ஊற்றும். ஒன்றே ஒன்றுக்குத்தான் நிறுத்தத் தெரியும். பழைய அலுமினிய மக்கு, நசுங்கியது. எவனோ ஒருவன் அதன் வாயை மெல்லிசாகத் தட்டி, நுனியைக் குறுக்கி இழுத்துவிட்டிருக்கிறான். யார் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத் தினமும் சண்டை நடக்கும். "என் மக்க எவண்டா எடுத்தது?" "நீயே ஒரு மக்கு, உனக்கு எதுக்குடா மக்கு?"

அது இல்லாத நாட்களில் அச்சின் வெளியெல்லாம் மண் வழியும். மேஸ்திரி எங்களைத்தான் திட்டுவார். நாங்களும் நம் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். மக்கை யாரும் திட்டினது கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கரண்ட் போனால் பிடுங்கி மாட்டுகிறோமே, பீங்கான் பீஸ் கட்டை, அதற்கு நான் அச்சு செய்திருக்கிறேன். கையால் பிடிக்கிற இடத்தில் ஒரு வரம்பு இருக்கும். வரம்பு இருப்பதால் அச்சிலிருந்து எடுப்பது சிரமம். என்ன எழவுக்கு இதை வைத்தார்கள் என்று வருஷக்கணக்கில் அலுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மழை நாளில் நம் வீட்டிலேயே பீஸ் போயிற்று. இருட்டில் தடவிப் பிடுங்கினேன். விரல் வழுக்கி உள்ளே செம்புக் கம்பிப் பக்கம் போகப் பார்த்தது. அந்த வரம்பில் இடித்து நின்றது. என்னை எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் எப்போதோ உட்கார்ந்து நினைத்திருக்கிறார். இருட்டில் ஒருத்தன் வருவான், அவன் கை ஈரமாக இருக்கும் என்று.

கடைவீதி

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைவீதிக்குப் போனேன். மெடிக்கலில் பிளாஸ்டிக் பாலாடை இருந்தது. மூக்கு என் கட்டைவிரல் தடிமன். பாத்திரக் கடையில் எவர்சில்வர் இருந்தது. ஒன்றின் மூக்கு சின்னக் கரண்டிபோல அகலம். இன்னொன்றின் விளிம்பைச் சுருட்டி மடக்கியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் கேட்கிறேன் என்று கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தேன். மடக்கிய விளிம்பில் தண்ணீர் தங்கி, நிமிர்த்தின பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, சங்குதானே வாங்குற? பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற?"

"எட்டாம் மாசத்துலயே பொறந்த புள்ளண்ணே. சொட்டக் கூடாது."

அவர் சிரிப்பு போய்விட்டது. மேலே ஏறிப் பழைய பெட்டியெல்லாம் இறக்கித் தேடினார். "இப்பல்லாம் யாருண்ணே வாங்குறாங்க, எல்லாம் பாட்டிலு" என்றார். பாட்டில் கூடவே கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அடுத்த தெருவில் இன்னொரு கடை. அங்கே கிடைத்ததன் நுனியில் பிசிறு, என் விரலையே கீறியது.

பட்டறையில் நானே ஒன்று செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். மண் காய வேண்டும், வேக வேண்டும், சூளை ஆற வேண்டும். நாளைக் காலைக்குள் நடக்கிற காரியமில்லை. தவிர, பீங்கான் நுனி கொஞ்சம் உடைந்தாலும் பிள்ளை வாய். போகிற வழியில் பட்டறையில் நுழைந்து ஓர் உருண்டை மண் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. வழியெல்லாம் கை அதைப் பிசைந்துகொண்டே இருந்தது.

பாயில் படுத்தவர்கள்

வீட்டு வாசலில் மச்சானின் பைக் நின்றது. சேதி கேட்டுக் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அக்கா அம்மாவுக்கு ரசம் வைக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள்.

"புள்ள எப்படி இருக்குது மாப்ள?"

"இப்ப பரவால்ல மச்சான். நாளைக்குக் காலையில..."

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து போட்டு உடைத்தாள். "சங்குதான் சரியில்லையாம். ஒங்க மாப்ள சொல்றான்."

மச்சான் முகம் சுருங்கியது. "ஏன், வெள்ளி மட்டமா?"

"வெள்ளியில ஒண்ணும் கொறையில்ல மச்சான்."

"அப்புறம் இன்னா? நம்ம சீருல கொறை சொன்னவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல."

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பாயை விரித்து மல்லாந்து படுத்தேன்.

"மச்சான், அந்தச் சங்குல தண்ணி ஊத்தி எனக்குக் குடுங்க."

"இன்னாது?"

"நான்தான் சுண்டு. நீங்க அக்கா. குடுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "காலையிலேர்ந்து இவன் சாப்புடல, அதான்" என்றாள். இருந்தாலும் மனிதர் குந்தி உட்கார்ந்து, மயில் அலகை என் வாயருகே கொண்டுவந்தார். சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். வரவில்லை. அலகை உற்றுப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கழுத்துக்குள் காற்று புகுந்து 'பளக்'கென்று ஒரு சத்தம், மொத்தத் தண்ணீரும் தொண்டைக்குள் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து இருமினேன். கண்ணில் தண்ணீர்.

"வேணும்னே இருமுற மாப்ள."

"அப்ப நீங்க படுங்க."

மச்சான் நல்ல கனத்த சரீரம். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயில் படுத்தார். மீசையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் சாய்த்தேன். என் கண்ணுக்கு மயிலின் கொண்டையும் சிவப்புக் கல்லும்தான் தெரிந்தன. உள்ளே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, உண்மையாகவே மெதுவாகத்தான் சாய்த்தேன். 'பளக்.'

அவர் எழுந்த வேகத்தில் பாயே நகர்ந்துவிட்டது. மூக்கிலிருந்தெல்லாம் தண்ணீர். நெஞ்சில் அடித்துக்கொண்டார். அக்கா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இப்ப ஒங்கள யாரு நெனைக்கிறாங்க தம்பி? கல்லாப் பெட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. மச்சான் சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சங்கைக் கண்ணருகே வைத்து அலகு ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க கடையில ஒரு கெட்டிலு இருக்குது மாப்ள. மொதல்ல டீயே வராது. அப்புறம் கிளாஸு ரொம்பி டேபிள்ல ஓடும். அத எடுக்காதடான்னு பசங்ககிட்ட சொல்லிகிட்டே இருப்பேன்." சங்கைப் பாய் மேல் வைத்தார். "இத வாங்கும்போது நான் புள்ளைய நெனைக்கல. தட்டுல வெச்சா பாக்குறவங்க இன்னா சொல்லுவாங்கன்னுதான் நெனைச்சேன்."

"நானும் அப்படித்தான் பாத்தேன் மச்சான். பாக்குறதுக்குத்தான் பாத்தேன்."

"கழுத்து மேல தொறந்து இருந்தா சரியாயிடுமா?"

"ஆவும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப வெட்டிடலாம், வா."

அக்கா பதறிவிட்டாள். "சீர்ப் பொருளு! மயிலோட தலைய வெட்டுறதா? யாராவது கேட்டா இன்னா சொல்றது?"

"மாமன்தான் வெட்டுனான்னு சொல்லுங்கக்கா" என்று சட்டையை மாட்டினார்.

பத்தர் கேட்ட கேள்வி

தேரடிப் பக்கம், வெள்ளி வேலை செய்கிற பத்தர் கடை மூடுகிற நேரம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போதே, எடுத்துவந்த மண்ணில் ஒரு மூக்கு செய்துகொண்டு போனேன். வாய்க்கால் மாதிரி திறந்தது, நீளமானது, நுனி குறுகியது. வார்டுப் பாலாடை என் கண்ணிலேயே நின்றது. பத்தர் முன்னால் வைத்து, "இதே அளவுல வேணும்" என்றேன்.

அவர் மண் மூக்கைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழந்தைக்கா, கன்னுக்குட்டிக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண் வெந்தால் சுருங்கும். அதனால் எதைச் செய்தாலும் ஒரு சுற்றுப் பெரிதாகவே செய்து எங்கள் கை பழகிவிட்டது. அளவு பார்க்காமலே கை பெரிதாகச் செய்துவிடும். வெள்ளி எங்கே சுருங்கப் போகிறது? பத்தர் கேட்காமல் அப்படியே செய்திருந்தால், கழுத்தைத் திறந்தும் பால் வெள்ளமாகத்தான் வந்திருக்கும். எனக்கு வியர்த்துவிட்டது. இவ்வளவு பார்த்தும் என் கையே உன்னை மறந்துவிட்டதே என்று.

மண் மூக்கைக் கிள்ளிக் கிள்ளிக் குறைத்தேன். இது போதுமா, இன்னும் குறைக்கவா என்று நிச்சயம் வரவில்லை. மச்சான் தன் சுண்டுவிரலை நீட்டி, "அது வாயி இதுல பாதிதான் இருக்கும் மாப்ள" என்றார். அதையும் பார்த்துக் குறைத்தேன்.

பத்தர் ரம்பத்தை எடுத்தார். கொண்டை போனது, சிவப்புக் கல் கண் போனது. கழுத்தின் மேல்பாதியை நீளவாக்கில் எடுத்து, மிச்சத்தைக் குறுக்கி, நுனியை அரத்தால் தேய்த்தார். தண்ணீர் ஊற்றினோம். சொட்டியது. மறுபடி தேய்த்தார். சொட்டியது. நுனியை மெல்லிசாக்க ஆக்கச் சொட்டு குறைந்தது. கடைசியில் நின்றது. மச்சான் தன் உதட்டில் வைத்து இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார், பிசிறு இருக்கிறதா என்று.

வீட்டில் அக்கா அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, "மயிலக் கொண்டுபோயி வாத்தா ஆக்கிட்டு வந்துட்டீங்களேடா" என்றாள்.

சிஸ்டர் முன்னால்

மறுநாள் காலை வார்டில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். "தோலு உரிஞ்சிடப் போவுது, உக்காருங்க" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

உன்னை என் கையில் வைத்தார். உன் தலை என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. வெயிலில் காய்ந்த துணி மாதிரி சூடு. எங்கே அழுத்தக் கூடாது என்று தெரியாமல் விரல்களை விரித்தே வைத்திருந்தேன். "தாங்கிப் புடிங்க. ஒண்ணும் ஆவாது, உடையாது" என்று அவரே என் விரல்களை மூடிவிட்டார்.

அம்மா எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவுப் பக்கம் அக்காவும் மச்சானும். ஆம்புலன்ஸ் வாசலில்தான் நின்றது. வேறு யாருக்கோ வந்தது. அதன் முதுகு ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

"ஊத்தாதீங்க. வெச்சுட்டுக் காத்திருங்க."

மூக்கை உன் உதட்டோரம் வைத்தேன். கழுத்து திறந்திருந்ததால் பால் ஊர்ந்து வருவது தெரிந்தது. நுனிக்கு வந்து, உன் உதட்டைத் தொட்டதும் கையை நிறுத்தினேன். பாலும் நின்றது.

நீ ஒன்றும் செய்யவில்லை. உதடு அசையவில்லை. என் முதுகில் வியர்வை இறங்கியது. அப்புறம் நாக்கு வெளியே வந்தது, ஒரு ரோஜா இதழின் ஓரம் அளவுக்கு. தொட்டது. உள்ளே போனது. தொண்டையில் ஒரு சின்ன அசைவு.

இருமல் வருமா?

வரவில்லை. மூச்சு வந்தது.

சங்கை நிமிர்த்தினேன். பால் கிண்ணத்துக்குத் திரும்பிப் போனது. நுனி காய்ந்திருந்தது. நீ மூச்சு விட்டு முடிக்கும்வரை அது என் கையில் சும்மா இருந்தது. மறுபடி சாய்த்தேன். நாக்கு. விழுங்கல். மூச்சு. எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே பயந்தேன். நடுவில் ஒரு தடவை நீ தும்மினாய். கதவுப் பக்கம் மச்சான் "ஐயோ" என்றார். சிஸ்டர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். வெறும் தும்மல்தான்.

கிண்ணத்தின் அடி தெரிந்தது. வெள்ளி பளபளத்தது. உன் உதட்டைப் பார்த்தேன். அது உதட்டு நிறத்தில்தான் இருந்தது.

அம்மா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "குடிச்சிட்டாளா?"

"குடிச்சிட்டா. இவளுக்குக் குடிக்கத் தெரியுது. நேத்து வரைக்கும் சங்குக்குத்தான் குடுக்கத் தெரியல" என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

சிஸ்டர் குனிந்து உன் முகத்தைப் பார்த்தார். "அதுக்குள்ள சங்க எடுக்காதீங்க. இன்னும் கேக்குது பாருங்க. அம்மா, இன்னும் கொஞ்சம் இருக்குதா?"

அம்மாவின் கட்டிலருகே, பீய்ச்சி வைத்த பால் கிண்ணம் இருந்தது. என்னால் எழுந்திருக்க முடியாதே. உங்கள் வேப்பூர் மாமா, ஓட்டலில் ஆர்டர் எடுத்தவர் மாதிரி "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவந்தார். அவர் வந்து சேருகிற வரைக்கும் நீ பொறுக்கவில்லை. அந்தக் காலி மூக்கை உதட்டால் கவ்விப் பிடித்து உறிஞ்சி இழுத்துக்கொண்டிருந்தாய். அந்த இழுப்பு என் விரல் வரைக்கும் தெரிந்தது.